ஏரிக்கரையில் இரண்டு இரவுகள்

(நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் நடந்த மூத்த குடிமக்கள் மாலைச் சந்திப்பில், "போய் வந்த ஊர்" வரிசையில் பேசியதன் எழுத்து வடிவம்.)



செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். நான் முப்பத்தாறு வருஷம் பாங்கில் கவுன்டரில் உட்கார்ந்தவன். "பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் சார்" என்று நான் சொன்னால் அது எவ்வளவு நேரம் ஆகும் என்று பாங்க் பக்கம் போயிருக்கிற எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் என் மனைவியும் சென்ற பிப்ரவரியில் கொடைக்கானல் போய் வந்தோம். வந்த மறுநாள் லிஃப்டில் ஒருவர் கேட்டார்: "ஏன் சார், பட்டினப்பாக்கத்தில் கடலைப் பார்த்த மாதிரி வீட்டை வைத்துக்கொண்டு, ஒரு ஏரியைப் பார்க்கவா ஐந்நூறு கிலோமீட்டர் போனீர்கள்?" நியாயமான கேள்வி. அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். இன்று பதில் சொல்கிறேன். எங்கள் சமையலறை ஜன்னலில் கடல் தெரியும். ஆனால் அந்த ஜன்னலுக்கும் என் மனைவிக்கும் நடுவில் அடுப்பு இருக்கிறது. அவள் கடலைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. பால்கனி கிரில்லில் உப்புக் காற்றால் துரு ஏறியதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

என் அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நான்கு வருஷமாக ஞாபக மறதி நோய். என்னைச் சில நாள் அண்ணா என்று கூப்பிடுவார், சில நாள் மேனேஜர் என்பார். நான் மேனேஜர் ஆனது அம்மா புண்ணியத்தில்தான். பாங்க் என்னைக் கிளார்க்காகவே வைத்து அனுப்பியது. அம்மாவுக்கு மாறாமல் ஞாபகம் இருக்கும் ஒரே முகம் என் மனைவியின் முகம். அதனால் குளிக்க வைப்பது, சாப்பிட வைப்பது, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தால் கூட உட்காருவது எல்லாம் அவள் பொறுப்பு. நான் உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மருந்து வாங்குவேன், பில் கட்டுவேன், டாக்டருக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்குவேன். கணக்குப் பார்த்தால் நான் செய்ததெல்லாம் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று செய்கிற வேலை.

இதையெல்லாம் இங்கே சொல்லலாமா என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். தவறு இருந்தால் அங்கேயே திருத்துவாள்.

பொங்கல் முடிந்து ஒரு நாள், அம்மா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. தரையைத் துடைத்தாள். பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அரை மணி ஆயிற்று. மெட்ரோ வாட்டர் கஷ்டம் தெரிந்தவள் அவள், வாளி நிரம்பியதும் குழாயை மூடுகிறவள். எனக்குப் பயம் வந்துவிட்டது. வெளியே வந்தவள், "தலைவலி, வேற ஒண்ணும் இல்லை" என்றாள். மறுநாள் எங்கள் டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா, கடைசியா வீட்டை விட்டு வெளியே எப்போ படுத்துத் தூங்கினீங்க?" அவள் விரல் விட்டு எண்ணினாள். பெண் கல்யாணத்துக்கு மண்டபத்தில் தங்கிய இரண்டு ராத்திரி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நான்கு வருஷம் எட்டு மாதம்.

பாங்கில் ஒரு வழக்கம் உண்டு. பணம், கணக்கு, சாவி என்று முக்கியமான இடத்தில் இருக்கிற ஊழியர் வருஷத்தில் சில நாள் தொடர்ச்சியாகக் கட்டாய லீவு எடுத்தே ஆக வேண்டும். ரிசர்வ் வங்கியே இதை வற்புறுத்துகிறது. "எனக்கு லீவே வேண்டாம் சார்" என்று சொல்கிற ஆளைப் பார்த்தால் ஆடிட்டருக்குச் சந்தேகம் வரும். ஏன் என்றால், ஒருவர் நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்த மேஜையில் என்ன நடக்கிறது என்று தெரியும். தப்பு இருந்தால் வெளியே வரும். நல்ல வேலை நடந்திருந்தால் அதுவும் அப்போதுதான் தெரியும். இத்தனை வருஷம் அந்தச் சுற்றறிக்கையைப் படித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். என் வீட்டில் ஒரு மேஜையில் நான்கு வருஷமாக ஆள் மாறவே இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

டாக்டரிடமிருந்து வருகிற வழியில் ஆட்டோவிலேயே சொன்னேன், "மூணு நாள் எங்கேயாவது போய்ட்டு வரலாம்." "அத்தையை யார் பார்ப்பா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள். எங்கள் வீட்டில் ஓய்வு என்கிற கணக்கு சஸ்பென்ஸ் அக்கவுன்டிலேயே கிடந்தது. இந்த முறை அதைத் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வீட்டு நர்சிங் ஏஜென்சி ஒன்றிலிருந்து ஓர் அம்மாவை இரவு பகல் தங்குகிற மாதிரி ஏற்பாடு செய்தோம். போகிற அன்றைக்கு அவரைப் புதிதாகக் கொண்டு வந்து நிறுத்தவில்லை. ஒரு வாரம் முன்னாலேயே தினம் இரண்டு மணி நேரம் வந்து பழகச் சொன்னோம். மூன்றாம் மாடி டீச்சர் அம்மா, தானாகவே வந்து, "காலையும் மாலையும் நான் போய் உட்கார்ந்துக்கறேன், நீங்க கிளம்புங்க" என்றார். எதிர் வீட்டுத் தம்பி, ராத்திரி ஏதாவது என்றால் காரை எடுக்கத் தயாராக இருந்தார். என் மனைவி நான்கு பக்கத்துக்கு ஒரு பட்டியல் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். அதைப் படித்தபோதுதான், ஒரு நாளில் அவள் செய்கிற வேலைகள் எத்தனை என்று எனக்கு முதல் தடவையாக எழுத்தில் தெரிந்தது.

ஏன் கொடைக்கானல் என்றால், நாங்கள் வேலை பார்த்த காலத்தில் எல்.எஃப்.சி.யில் ஒரு தடவை போயிருக்கிறோம். பெண்ணுக்கு அப்போது ஆறு வயது. காலையில் பத்து இடம், மாலையில் எட்டு இடம் என்று வேனில் சுற்றினோம். என் மனைவிக்கு அந்தப் பயணத்தில் ஞாபகம் இருப்பது, குழந்தையின் ஸ்வெட்டர் தொலைந்து போனது மட்டும்தான். இந்த முறை சுற்றுவதில்லை, ஏரிக்கரையில் உட்காருவது மட்டும் என்று பேசிக்கொண்டோம்.

திங்கட்கிழமை இரவு எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ். அதிகாலையில் கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து மலைக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். ஸ்டேஷன் வாசலிலேயே டாக்ஸி கிடைக்கும். பஸ்ஸில் போக நினைக்கிறவர்கள் வத்தலகுண்டு போய் மாறலாம். ரயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது. ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம் இருந்தது. அது போனது போனதுதான். ஆனால் கீழ் பெர்த் ஒதுக்கீடு இன்னும் இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுத்து எடுங்கள். சும்மா பொதுவில் எடுத்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு ஒரு கல்லூரிப் பையனிடம் "தம்பி, முட்டி வலி" என்று கெஞ்ச வேண்டாம்.

மலை ஏறும்போது, இந்த ஊர் எப்படி வந்தது என்று படித்து வைத்திருந்ததை மனைவியிடம் சொல்லிக்கொண்டே போனேன். அவள் வளைவுகளுக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் மறுத்துப் பேசவில்லை. பழனி மலையில் ஆதியிலிருந்து பளியர்கள் வாழ்கிறார்கள். 1821-இல் வார்டு என்கிற ஆங்கிலேய அதிகாரி இந்த மலையைச் சர்வே எடுத்தார். 1845-இல் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். மதுரை வெயிலையும், காய்ச்சலையும், காலராவையும் தாங்க முடியாமல்தான் மேலே வந்தார்கள். ஆக, அந்த ஊர் பிறந்ததே கொஞ்ச நாள் மூச்சு விட்டுப் போவதற்காகத்தான்.

அப்போது இந்த ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதை. குதிரையில் போவார்கள், முடியாதவர்களை டோலியிலும் நாற்காலியிலும் வைத்து ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். இப்போது நாம் போகிற மலை ரோடு 1914-இல்தான் முடிந்தது. எழுபது வருஷம் அந்த ஊருக்கு ஓய்வெடுக்கப் போன ஒவ்வொருவருக்கும் பின்னால், தூக்கிக்கொண்டு நடந்த நான்கு பேராவது இருந்திருப்பார்கள். இதைச் சொன்னதும் என் மனைவி கண்ணைத் திறந்தாள். "இப்ப நம்மளை டீச்சர் தூக்கிண்டிருக்கா" என்றாள்.

ஏரியைப் பற்றிச் சொல்கிறேன். நான் அது இயற்கையான ஏரி என்று நினைத்திருந்தேன். இல்லை. 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர், சதுப்பு நிலத்தில் ஓடிவந்த ஓடைகளுக்குக் குறுக்கே கரை போட்டு உண்டாக்கியது. ஓய்வு பெற்ற பிறகு அவர் அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். மேலேயிருந்து பார்த்தால் நட்சத்திரம் மாதிரி கைகளை நீட்டிக்கொண்டு இருக்கும். பரப்பு சுமார் 60 ஏக்கர். சுற்றிவர 5 கிலோமீட்டர், ரோடு பெரும்பாலும் சமதளம். நம் மாதிரி முழங்கால் உள்ளவர்களுக்கு அந்த ஊரில் இதைவிட நல்ல இடம் கிடையாது. நடுநடுவே உட்கார இடம் உண்டு. சுட்ட சோளம், அவித்த கடலை, கேரட், பஜ்ஜி எல்லாம் கிடைக்கும். சைக்கிள் வாடகைக்கு உண்டு. குதிரைக்காரர்கள் விடாமல் கூப்பிடுவார்கள். கூச்சப்படாமல் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு சுற்று நடந்தோம். ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டியது, இரண்டரை மணி நேரம் ஆயிற்று. முதல் அரை மணி அவள் கையில் போன் இருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வீட்டுக்குப் போன். "சாப்பிட்டாங்களா? எவ்வளவு சாப்பிட்டாங்க? தண்ணி குடிச்சாங்களா?" நான்காவது போனில் டீச்சர் அம்மா, "இனி நீங்க கூப்பிட்டா நான் எடுக்க மாட்டேன். ஏதாவதுன்னா நான் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் ஏரி அவள் கண்ணில் பட்டது. பனி இறங்கி வந்து தண்ணீரை மூடியது. ஒரு பெடல் படகு மட்டும் நடுவில் தெரிந்து மறைந்தது. ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் கடலையை இரண்டு பேரும் முடித்தோம். பேசவில்லை. அன்று ராத்திரி எட்டரைக்குப் படுத்தவள், காலை ஏழே முக்காலுக்கு எழுந்தாள். நான் இரண்டு தடவை எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

புதன்கிழமை சோலார் அப்சர்வேட்டரி போனோம். இதற்கும் சென்னைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792-லிருந்து ஒரு வானியல் ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. 1870-களில் தாது வருஷத்துப் பஞ்சம் வந்து லட்சக்கணக்கான ஜனங்கள் செத்த பிறகு, சூரியனை ஆராய்ந்தால் மழை பொய்ப்பதை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று யோசித்தார்கள். அதற்கு மேகம் குறைந்த, உயரமான இடம் தேவைப்பட்டது. அப்படித்தான் 1899-இல் அந்த வேலை கொடைக்கானலுக்குப் போனது. 1909-இல் ஜான் எவர்ஷெட் என்பவர், சூரியனில் இருக்கும் கரும்புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பரவுவதை அங்கேதான் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க அதை எவர்ஷெட் விளைவு என்றுதான் சொல்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகத் தொடர்ந்து சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். இதை நான் விளக்கியதும் என் மனைவி, "சூரியனுக்கும் லீவு கிடையாது, அதைப் பார்த்துக்கிறவங்களுக்கும் லீவு கிடையாது. நம்ம வீடு மாதிரிதான்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் அப்படிக் கிண்டல் செய்து நான் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அன்று மாலை குறிஞ்சி ஆண்டவர் கோயில். 1936-இல் கட்டியது. வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து பழனி மலை தெரியும். எங்களுக்கு மேகம்தான் தெரிந்தது. கும்பிட்டுவிட்டு வந்தோம்.

இனி சொல்லப் போவதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு டூரிஸ்ட் நோட்டீஸ் ஆகிவிடும். புதன் ராத்திரி ஒன்பதே முக்காலுக்குப் போன் வந்தது. பார்த்துக்கொள்ள வந்த அம்மா பேசினார். என் அம்மா புடவையை மாற்றிக்கொண்டு வாசல் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கிறாராம். "வீட்டுக்குப் போகணும், விடுங்கோ" என்று அழுகிறாராம். பின்னால் அம்மாவின் குரல் எங்களுக்கும் கேட்டது.

என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து துணியை உள்ளே போட ஆரம்பித்தாள். "நான் வந்திருக்கவே கூடாது" என்றாள். "நான் உங்ககிட்ட வேண்டாம்னு சொன்னேன்" என்றாள். எனக்கும் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, யார்மேல் என்றும் தெரியவில்லை. "சரி, போகலாம்" என்று கீழே போய் விசாரித்தேன். விடுதிக் காவலாளி வெளியே கையைக் காட்டினார். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. "இந்தப் பனியிலே எந்த டிரைவரும் இறங்க மாட்டான் சார். காலையிலே பார்த்துக்கலாம்" என்றார். மேலே வந்து சொன்னேன். இரண்டு பேரும் கட்டிலில் இரண்டு ஓரத்தில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தோம். மலையில் ஏரி இருந்தால் என்ன, கடல் இருந்தால் என்ன, அந்த இரண்டு மணி நேரம் எங்களுக்குப் போன்தான் கண்ணில் தெரிந்தது.

பன்னிரண்டு மணிக்கு டீச்சர் அம்மாவிடமிருந்து ஒரு வரி வந்தது: "தூங்கிட்டாங்க. நானும் இங்கேதான் படுத்திருக்கேன். நீங்களும் படுங்க."

என்ன நடந்தது என்று அவர் பிறகு சொன்னார். நாங்கள் எப்போதும் அம்மா "வீட்டுக்குப் போகணும்" என்றால், "இதுதான் வீடு, பேசாமல் படு" என்போம். நான்கு வருஷமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அம்மாவும் நான்கு வருஷமாக எங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். டீச்சர் அதைச் சொல்லவில்லை. "போகலாமே. உங்க வீடு எங்கே இருக்கு? யார் யார் இருக்காங்க?" என்று கேட்டிருக்கிறார். அம்மா உட்கார்ந்து, வலங்கைமான் பக்கத்தில் தான் பிறந்த வீடு, கிணற்றடி, பசுமாடு, மாட்டின் பெயர், எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் சொல்லியிருக்கிறார். பிறகு என் மனைவியின் பழைய நூல் புடவை ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டே அம்மா தூங்கிவிட்டார். எனக்குப் பிறந்ததிலிருந்து அம்மாவைத் தெரியும். அந்தப் பசுவின் பெயர் எனக்குத் தெரியாது.

கட்டாய லீவு என்று முன்னால் சொன்னேனே, அது இதுதான். நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்ததும் இரண்டு விஷயம் வெளியே வந்தது. நாங்கள் செய்துகொண்டிருந்த தப்பு ஒன்று. என் மனைவி எழுதி ஒட்டிய நான்கு பக்கத்தைப் பார்த்துத்தான் மூன்று பேர் சேர்ந்து சமாளித்தார்கள் என்பது இன்னொன்று. இப்போது எங்கள் வீட்டில் அம்மா வீட்டுக்குப் போகணும் என்றால், நான் பக்கத்தில் உட்கார்ந்து மாட்டைப் பற்றிக் கேட்கிறேன். எல்லா ராத்திரியும் பலிக்கிறது என்று சொல்ல மாட்டேன். வாரத்தில் நான்கைந்து நாள் பலிக்கிறது.

வியாழன் காலை அவள்தான் சொன்னாள், "இன்னொரு சுத்து நடந்துட்டுக் கிளம்பலாம்." வெயில் வந்திருந்தது. தண்ணீர் மேல் ஆவி மாதிரி பனி எழுந்துகொண்டிருந்தது. அன்று முழுச் சுற்றையும் உட்காராமல் நடந்தாள். மத்தியானம் இறங்கி, இரவு ரயில் பிடித்து, வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்கு வந்தோம். நான்கு நாளாக அம்மா எப்படித் தவித்திருப்பாரோ என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. அம்மா என் மனைவியைப் பார்த்து, "காப்பி போட்டாச்சா?" என்றார். அவ்வளவுதான். நாங்கள் போனதே அவருக்குத் தெரியவில்லை. என் மனைவி சிரித்தாள். அப்புறம் சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதாள்.

காமர்ஸ் படித்தவன் கணக்குச் சொல்லாமல் உட்கார முடியாது. இரண்டு பேருக்கும் ரயில் 3,600. மலை ஏற, இறங்க 3,500. உள்ளூரில் வண்டி 2,500. தங்கியது பாங்க் ஓய்வு விடுதி என்பதால் 1,500. சாப்பாடு 4,000. பார்த்துக்கொள்ள வந்த அம்மாவுக்கு 6,000. மலைப்பூண்டு, தைலம், சாக்லேட் 1,900. ஆக மொத்தம் 23,000 ரூபாய். டீச்சர் அம்மாவுக்கும் எதிர் வீட்டுத் தம்பிக்கும் நாங்கள் பட்டிருக்கிறது இந்தக் கணக்கில் வராது. அது லயபிலிட்டி பக்கத்தில் நிற்கிறது. அடைக்கிற வழியை கடைசியில் சொல்கிறேன்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். சனி, ஞாயிறு போகாதீர்கள். நாமெல்லாம் ரிட்டயர்டு, நமக்கு என்ன செவ்வாய், என்ன ஞாயிறு? கூட்டம் தாங்காமல்தான் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் காரில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பே வைத்தார்கள். ஆகவே கார் என்றால், கிளம்புவதற்கு முன் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள்.

ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர், அதாவது ஏழாயிரம் அடி. நாம் இருப்பது கடல் மட்டத்திலேயே. இதய நோய், மூச்சுத் தொந்தரவு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். போன முதல் நாள் அதிகம் நடக்காதீர்கள். மாத்திரைகளை இரண்டு நாளைக்குக் கூடுதலாகக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம். குல்லாய், ஸ்வெட்டர், சாக்ஸ் அவசியம். சென்னையில் வாங்கி அலமாரியில் அந்துருண்டை வாசனையோடு கிடக்கிற அந்த ஸ்வெட்டர்தான், எடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு புரட்டும் என்றால், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறாதீர்கள். பத்து இடம் பார்க்கும் வேனில் ஏறாதீர்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும், மிச்ச நேரம் ஏரிக்கரை.

இப்போது கடைசி விஷயம். நம் மூன்று பிளாக்கிலும் என் அம்மா மாதிரி படுக்கையிலோ மறதியிலோ இருக்கிற பெரியவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று எனக்கே நான்கு வீடு தெரியும். அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. வர முடியாது. அவர்களைத்தான் நாம் வருஷத்தில் மூன்று நாளாவது வெளியே அனுப்ப வேண்டும். மூன்று நாள் முடியாவிட்டால் ஒரு சாயங்காலம், ஒரு சினிமா, கடற்கரையில் ஒரு மணி நேரம்.

இங்கே சங்க அலுவலகத்தில் ஒரு நீள நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன். பேங்க் லெட்ஜர் மாதிரி இரண்டு பக்கம். இடது பக்கத்தில், "எனக்கு இன்ன நாள், இவ்வளவு நேரம் ஆள் வேண்டும்." வலது பக்கத்தில், "என்னால் இன்ன நாள் வந்து உட்கார முடியும்." மருந்து கொடுப்பது, தூக்குவது, குளிக்க வைப்பது எல்லாம் பழகியவர்கள் செய்யட்டும். நாம் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் போதும். கேட்பதற்குக் கூச்சப்படுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் வலது பக்கம் முதலில் நிரம்ப வேண்டும். முதல் வரியில் என் பெயர் இருக்கிறது: செவ்வாய், வெள்ளி, மாலை நான்கு முதல் ஆறு. இரண்டாவது வரியில் டீச்சர் அம்மா, அவரைக் கேட்காமலே எழுதிவிட்டேன். அவர் இப்போது என்னை முறைப்பது தெரிகிறது.

பழனி மலையில் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும். போன தடவை 2018. அடுத்தது 2030. அப்போது எனக்கு எழுபத்தொன்று, அவளுக்கு அறுபத்தேழு. பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பட்டியல் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்குமா, வேண்டியிருக்காதா, அது கடவுள் கையில். போகிறபோது பக்கத்து வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்பது நம் கையில் இருக்கிறது.

நோட்டுப் புத்தகம் அந்த மேஜையில் இருக்கிறது. பேனாவை நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன், பழைய பழக்கம். காப்பி குடிக்கப் போகிற வழியில் ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.